அபராதம் கட்டியாயிற்று, கணக்கு தீரவில்லை

"பெட்டி கேஸ்தானப்பா. ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடு. வேலையைப் பாரு."

தருமபுரி மாவட்டம் பொம்மிடிப் பக்கம் சின்ன வழக்கு ஒன்றில் மாட்டிய பையன் எவனும் இந்தப் புத்திமதியைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டான். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஸ்டேஷன் ரைட்டர் சொல்வார், கோர்ட் வாசலில் தெரிந்த முகம் ஒன்று சொல்லும், பெரியப்பா சொல்வார். வாய்தாவுக்கு வாய்தா அலைந்தால் கூலி போகும், பஸ் செலவு ஆகும். அதைப் பார்க்கும்போது அபராதம் மலிவு. நானும் இதே வார்த்தையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னது தவறு என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அவன் தனி ஒருவன் இல்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலரைச் சேர்த்துப் பார்த்தால் அவன் முகம் வரும். பத்தொன்பது வயது. கோடையில் நாள் கணக்கில் தண்ணீர் வராமல், தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. குடித்தால் பல் கறை பிடிக்கும், எலும்பு வளையும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குழாயில் தண்ணீர் நின்றால் கிணற்றுக்குத் திரும்பிப் போக முடியாது, சாலைக்குத்தான் வர வேண்டும். அம்மா உட்கார்ந்தாள் என்று அவனும் பக்கத்தில் நின்றான். போக்குவரத்துக்கு இடையூறு செய்ததாக வழக்குப் பதிவானது. முன்னால் நின்ற நாலைந்து ஆண்பிள்ளைகளின் பெயர் அதில் ஏறியது.

சம்மன் வந்தது, போனான், ஒப்புக்கொண்டான். சில நூறு ரூபாய் அபராதம். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தான். ரேஷன் கார்டு இருக்கும் பெட்டிக்குள் அந்த ரசீதும் போய்விட்டது.

அன்று கோர்ட்டில் என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நீதிபதி முன் நின்று "ஆமாங்கய்யா" என்று அவன் சொன்னதை நீதிமன்றம் குற்ற ஒப்புதலாகப் பதிவு செய்தது. அதன்பேரில் அவனைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. தண்டனையாக அபராதம் விதித்தது. சிறைக்குப் போனால்தான் தண்டனை என்று ஊரில் நினைக்கிறோம். சட்டத்தில் அபராதமும் தண்டனைதான். இன்னொன்றும் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனை கூடுதல் என்றோ சட்டப்படி செல்லாது என்றோ சொல்லி மேல்முறையீடு செய்யலாம். 'நான் குற்றம் செய்யவில்லை' என்று சொல்லி மேல்முறையீடு செய்ய முடியாது. அந்த "ஆமாங்கய்யா" என்ற சொல்லோடு அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது.

ஐந்தாறு வருடம் கழிகிறது. பையன் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகி, கயிறு ஏறிப் பழகி, காவலர் தேர்வு எழுதித் தேறுகிறான். அல்லது ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, போலீஸ் சரிபார்ப்புச் சான்று கொண்டு வா என்கிறார்கள். ஒரு படிவம் நீட்டப்படுகிறது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, தண்டிக்கப்பட்டீர்களா, அபராதம் விதிக்கப்பட்டதா? 'எப்போதாவது' என்ற ஒரு சொல் போதும். அதற்குள் அவன் பிறந்ததிலிருந்து எல்லா நாளும் அடங்கிவிடும்.

'ஆம்' என்று எழுதினால் குற்றப் பின்னணி உள்ளவன் என்று ஒதுக்கப்படலாம். 'இல்லை' என்று எழுதினால் உண்மையை மறைத்தவன் என்று ஒதுக்கப்படுவான். பெரும்பாலும் நம் பிள்ளைகள் 'இல்லை' என்றுதான் எழுதுகிறார்கள். அதில் ஏமாற்று எண்ணம் கிடையாது. கட்ட வேண்டியதைக் கட்டியாயிற்று, கேஸ் முடிந்தது என்று மனதார நம்பி எழுதுகிறார்கள். மூட்டை தூக்கிய தகப்பனும் நூறு நாள் வேலைக்குப் போன தாயும் படிக்கவைத்த பிள்ளை, ஒரு கட்டத்தில் போட்ட ஒரு டிக்கில் வீட்டுக்குத் திரும்பி வருகிறான்.

அந்தப் பழைய தண்டனை அவன் பெயரை விட்டு எப்போது விலகும்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் பொதுவான பதில் கிடையாது. இத்தனை ஆண்டு ஒழுங்காக இருந்தால் இந்தத் தண்டனை காலாவதியானதாகக் கருதப்படும், அதன்பின் யாரும் கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை.

மற்ற இடங்களில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1974-லேயே குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. 2023 அக்டோபரில் அதன் கால வரம்புகளை மேலும் குறைத்தார்கள். இப்போது அங்கே வயது வந்தவர் அபராதம் மட்டும் கட்டியிருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து 1 ஆண்டில் அது காலாவதி. ஓராண்டு வரை சிறை என்றால் தண்டனை முடிந்து 1 ஆண்டு. நாலு ஆண்டு வரை என்றால் முடிந்து 4 ஆண்டு. குழந்தைகளோடு பழகும் வேலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் பழைய விவரத்தையும் தோண்டிப் பார்ப்பார்கள். அது நியாயம்தான். நம்மவர்கள் வேலைக்குப் போகிற சிங்கப்பூர் கண்டிப்புக்குப் பேர்போன நாடு. அங்கேயே 3 மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 டாலருக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், அது பெரிய குற்றப் பட்டியலில் இல்லாத குற்றமாக இருந்து, 5 ஆண்டு தொடர்ந்து எந்தக் குற்றமும் செய்யாமலிருந்தால், தனக்குக் குற்றப் பதிவு இல்லை என்று சட்டப்படியே சொல்லிக்கொள்ளலாம்.

நம் நாட்டுச் சட்டங்களுக்கு ஆண்டுக் கணக்குப் போடத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வேண்டிய இடத்தில் நன்றாகவே போட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் சட்டம் 1967-ஐப் பாருங்கள். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருந்தாலும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் நடந்த தண்டனையைத்தான் அந்தப் பிரிவு தடையாகச் சொல்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951 இன்னும் தெளிவு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை பெற்ற ஒருவர், சிறையிலிருந்து வெளியே வந்து 6 ஆண்டு கழிந்தால் மறுபடி சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிற்கலாம். சட்டம் இயற்றும் அவையில் உட்காருவதற்கு ஆறு ஆண்டு போதும். அரசு வகுக்கும் விதியின்கீழ் காவலர் வேலைக்கு நிற்கும் பையனுக்கு, தண்ணீர் கேட்டு நின்று கட்டிய அபராதம் எத்தனை ஆண்டில் கழியும் என்று எங்கும் எழுதவில்லை. இது அநீதி. இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிலைமை நல்லவிதமாக இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 24ஆம் பிரிவு, சிறுவயதில் செய்த குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர் செய்த மிகக் கொடிய குற்றங்கள் மட்டும் விலக்கு. மேல்முறையீட்டுக் காலம் வரையோ 7 ஆண்டு வரையோ பதிவைப் பத்திரமாக வைத்து, பிறகு அழித்துவிட வேண்டும் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியும் இருக்கிறது. ஆனால் பதினேழரை வயதில் செய்ததை மறக்கும் சட்டம், பதினெட்டரை வயதில் செய்ததை எழுபது வயது வரை நினைவில் வைத்திருக்கிறது. பிளஸ் டூ முடித்த மறு வருடத்தில் ஒரு பிள்ளை அவ்வளவு மாறிவிடுவானா?

தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில் இதைவிடக் கடுமையான ஒன்று உண்டு. தண்டனை பெற்றவனை விடுங்கள்; விடுதலையானவனுக்கே அங்கே கதவு சாத்தப்படுகிறது. சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுவித்தாலும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலை ஆனாலும், அவர் 'குற்ற வழக்கில் தொடர்புடையவர்' என்றே கருதப்படுவார் என்று விதியின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008-இல் இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஊரில் நடக்கும் வழக்குகள் எப்படி முடியும் என்பது நமக்குத் தெரியும். பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டை, கோயில் திருவிழாவில் நடந்த தள்ளுமுள்ளு. ஆறு மாதத்தில் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாட்சிக்கூண்டில் ஏறி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்வார்கள். அவர்களுக்குள் பகை தீர்ந்ததன் அடையாளம் அது. அரசு ஏட்டில் அதுவே ஒரு பிள்ளையின் மேல் விழுந்த கறையாகிவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2011-இல் டெல்லி காவல்துறைத் தலைமைக் காவலர் பணி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் திருடன் என்றே முத்திரை குத்தப்பட்ட விக்டர் ஹியூகோவின் நாவல் பாத்திரமான ழான் வல்ழானை நீதிபதிகள் நினைவுகூர்ந்தார்கள். இளவயதுத் தவறுகளைப் பெருந்தன்மையோடு பார்க்க வேண்டும் என்றார்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயமாக இருந்தால் அதை மறைத்ததைக்கூட நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. 2024 பிப்ரவரியிலும், உத்தரப் பிரதேசக் காவலர் ஒருவரின் வழக்கில், படிவத்தில் சொல்லாமல் விட்டவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்று கூறியது.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் எல்லாமே 'பொறுத்துக்கொள்ளலாம்' என்றுதான் முடிகின்றன. முடிவு அதிகாரியின் கையில். ஒரு அதிகாரி மனது வைப்பார், இன்னொருவர் வைக்க மாட்டார். மனது வைக்காவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். பொம்மிடியில் ரயில் ஏறினால் சென்னைக்குப் போய்விடலாம், அதற்கு வழி இருக்கிறது. வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது? வழக்கு முடிய ஆகும் வருடங்களில் வயது வரம்பு தாண்டிவிடாதா? ரிட் மனு போட முடிந்தவன் மட்டும் தப்பிப்பதைத் தீர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முன்பெல்லாம் இந்தப் பிரச்னை இவ்வளவு உறைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய வழக்கு அந்தந்த ஸ்டேஷன் பதிவேட்டில் கையெழுத்தில் கிடந்தது. ரைட்டர் மாறுவார், அலமாரி மாறும், கரையான் வரும். பத்து வருடம் போனால் தேடினாலும் கிடைக்காது. சட்டம் தராத மன்னிப்பைக் கரையான் தந்துகொண்டிருந்தது. 2009-இல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். திட்டத்தால் நாடு முழுக்கக் காவல் நிலையங்கள் கணினி வலையில் இணைந்தன. நல்லதுதான், தேவையானதுதான். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் வழக்கு விவரம் பார்க்கலாம். ஆள் எடுக்கும் தனியார் நிறுவனங்களுக்குப் பின்னணி சரிபார்த்துத் தருவதே தொழிலாக நடக்கிறது. 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், எடுக்கப்பட்ட கைரேகை முதலிய அளவுப் பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. முன்தண்டனை இல்லாதவர் விடுதலையானால் அழிக்க வழி வைத்திருக்கிறார்கள். தண்டனை பெற்றவருக்கு அந்த வழி இல்லை. எந்தச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவரிடமும் அளவு எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பத்தொன்பது வயதில் எடுத்தால் தொண்ணூற்று நாலு வயது வரை இருக்கும். கணினி மறக்காது என்று ஆனபிறகு, எதை எப்போது மறப்பது என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த வேலை இன்னும் நடக்கவில்லை.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்புகள் பற்றியும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை மறைக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர் பெயருக்கே இந்தப் பாடு என்றால், முந்நூறு ரூபாய் அபராதம் கட்டியவன் யாரிடம் போய் நிற்பான்?

எங்கள் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு ஏழையின் பெயர் வழக்குப் புத்தகத்தில் ஏறுவது எத்தனை சுலபம் என்று தருமபுரி மாவட்டம் உலகத்துக்கே காட்டியிருக்கிறது. அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கடத்தல்காரர்கள் என்ற பெயரில் சிறைக்குப் போனார்கள். உண்மையான குற்றவாளிகள் யார் என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29-இல். பத்தொன்பது வருடம் 'கடத்தல்காரன்' என்ற சொல்லைச் சுமந்துகொண்டுதான் அந்த ஊர் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போய்வந்தது. சித்தேரி மலைக்காரர்களைக் கேளுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் அந்த மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் இருந்தார்கள். செம்மர வழக்கில் அங்கே சிறையிருந்து திரும்பியவர்களுக்கும், மரத்தை விற்றுக் கோடீஸ்வரன் ஆனவனுக்கும் ஏட்டில் ஒரே பெயர்தான்.

காவல் நிலையத்தில் ஒருவர் மேல் திறக்கப்படும் ஹிஸ்டரி ஷீட்டும் ரவுடி ஷீட்டும் இதே கதைதான். திறக்க ஒரு கையெழுத்து போதும்; மூட வைப்பதற்குள் மனிதன் கிழவனாகிவிடுகிறான். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்த 1871-இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. சந்தேகப் பதிவேடு வைக்கும் பழக்கம் அதோடு போகவில்லை. 2024 மே மாதம் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பிற்பட்ட, பழங்குடிச் சமூகத்து அப்பாவிகள்மேல் பழக்கத்தின் காரணமாக ஹிஸ்டரி ஷீட் திறக்கப்படக் கூடாது, உயர் அதிகாரி ஒருவர் அவற்றை அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்று சொல்லி, மற்ற மாநிலங்களும் இதைப் பரிசீலிக்கச் சொன்னது. அந்தத் தணிக்கை தருமபுரி மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நடக்க வேண்டும். எத்தனை தாள் மூடப்பட்டது என்ற எண்ணிக்கை வெளியே வர வேண்டும்.

இதைப் படிக்கும் சில தாய்மார்களுக்கு ஒரு கவலை வரும். பிள்ளையைத் தொட்டவனுக்கும் பெண்ணை நாசம் செய்தவனுக்கும் மறதி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு எதிரான குற்றம், கொலை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் சாதிக் கொடுமை, பொதுப்பணத்தைத் தின்ற ஊழல், இவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பள்ளிக்கூட வேனை ஓட்டுகிறவரின் பழைய விவரம் பள்ளிக்குத் தெரியத்தான் வேண்டும். நான் கேட்பது அபராதத்தோடு முடிந்த வழக்குகளுக்கு, சீட்டாட்டத்துக்கு, மறியலுக்கு, குடித்துவிட்டுச் சத்தம் போட்டதற்கு, கைகலப்புக்கு, முதல் தடவை செய்த சின்னத் தவறுக்கு. இந்த வித்தியாசத்தைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. தெருவைக் கூட்டினால் போதும் என்று நினைக்கும் அளவுக்குச் சின்னக் குற்றம் என்றால், அதன் நிழல் ஏன் ஆயுள் முழுக்க விழ வேண்டும்?

டெல்லிக்குப் போகாமலே தமிழ்நாடு அரசு செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலப் பணியாளர் விதிகளைத் திருத்த அரசியலமைப்பின் 309ஆம் பிரிவு போதும். அபராதம் மட்டும் விதிக்கப்பட்ட வழக்கு மூன்று ஆண்டு கழிந்தால் மாநில அரசு வேலை எதற்கும் தடையாகாது என்று ஒரு திருத்தம். நீதிமன்றம் விடுதலை என்று சொன்னால் அது விடுதலைதான் என்று இன்னொரு திருத்தம். போலீஸ் சரிபார்ப்புச் சான்றில் அந்த மூன்று ஆண்டைத் தாண்டிய சின்ன வழக்குகளைக் காட்டக் கூடாது என்று உள்துறையிலிருந்து ஓர் ஆணை. படிவத்தில் 'எப்போதாவது' என்பதை எடுத்துவிட்டு 'கடந்த மூன்று ஆண்டில்' என்று அச்சடிப்பதற்கு ஆகும் செலவு என்ன? மூன்று என்பது என் கணக்கு. ஐந்து என்று அரசு சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஏதோ ஒரு எண் வேண்டும். கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் பத்து லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் இதே மாநில அரசு அறிவித்தது. மனம் வைத்தால் லட்சக்கணக்கில் முடிகிற காரியம் என்பதற்கு அதுவே சாட்சி. ஒன்றிய அரசு இங்கிலாந்து மாதிரி ஒரு முழுச் சட்டம் கொண்டுவருவதும் அவசியம்தான். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருப்பதால் நம் சட்டமன்றமே முதல் அடி வைக்கவும் இடம் உண்டு.

நீதிபதிகளிடமும் ஒரு வேண்டுகோள். பையன் தலையாட்டும் முன், 'இதை ஒத்துக்கொண்டால் நீ தண்டனை பெற்றவன் என்று பதிவாகும், வேலைக்குப் போகும்போது கேட்பார்கள், வக்கீல் வேண்டுமா' என்று தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958 உங்கள் கையிலேயே இருக்கிறது. முன்தண்டனை இல்லாதவரைச் சின்ன வழக்கில் அபராதம்கூட இல்லாமல் கண்டித்து அனுப்ப அதன் 3ஆம் பிரிவு வழி தருகிறது. நன்னடத்தைப் பிணையில் விட 4ஆம் பிரிவு இருக்கிறது. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனைப் பதிவே அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் விளக்கியிருக்கிறது, படிவத்தில் உண்மையைச் சொல்லவும் வேண்டும். இருந்தாலும் முந்நூறு ரூபாய் அபராதத்தைவிட ஏழைக்கு இது எவ்வளவோ மேல்.

சட்டம் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டில் யார்மேலாவது வழக்கு இருந்தால் முதலில் ஒப்புக்கொள்ளாதீர்கள். 15100 என்ற எண்ணுக்கு அடித்துச் சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சமரசம் செய்யத்தக்க வழக்காக இருந்தால் எதிர்த்தரப்போடு பேசி ராஜி மனு போடுங்கள். அதற்கு விடுதலையின் பலன் உண்டு. அபராதத்துக்கு அந்தப் பலன் கிடையாது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள், படிவத்தில் மறைக்காமல் எழுதி நகலை இணையுங்கள். ஊரடங்கு வழக்கில் பெயர் இருந்தவர்கள், அது உண்மையிலேயே முடித்துவைக்கப்பட்டதா என்று இ-கோர்ட்ஸில் பெயர் போட்டுப் பாருங்கள். சம்பவம் நடந்தபோது பதினெட்டு நிரம்பவில்லை என்றால் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

திங்கட்கிழமை தோறும் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கிறது. பொம்மிடியிலிருந்து ரயிலில் போக முடியாது, அந்தத் தடம் வேறு. பஸ்ஸில்தான் போக வேண்டும். அபராத வழக்கால் வேலை இழந்த பிள்ளைகள் தனித்தனியாகப் போகாமல் சேர்ந்து போகலாம் என்று நினைக்கிறேன். மனு ஒரு பக்கம் இருந்தால் போதும்: எந்த வழக்கு, எந்த ஆண்டு, எவ்வளவு அபராதம், எந்த வேலை போயிற்று. ஆட்சியர் வழியாக உள்துறைச் செயலாளருக்கு ஒன்று, பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று. அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாகவும் போடலாம். பெட்டியில் ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கும் அந்த ரசீதையும் நகல் எடுத்து மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள். மனு எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.